விடுமுறையில் எங்கே போனாய்?

(கல்வியாண்டின் இறுதியில் நடந்த வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. வினாத்தாள், விடைத்தாள், தேர்ச்சிப் பதிவேடு, எமிஸ் பதிவு என்று எல்லோருக்கும் கை நிறைய வேலை இருக்கிறது. இந்த நேரத்தில் கோடை விடுமுறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன வகுப்பு நடத்தலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. விடுமுறை விடுமுறையாகவே இருக்கட்டும். அம்மாவோடு ஒரு பிள்ளை வெளியே போய்வருகிறது. அதில் அதற்கு என்ன கிடைக்கிறது? அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதா? கிடைத்ததை நாம் பள்ளியில் என்ன செய்கிறோம்? இந்த மூன்று கேள்விகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் அரியக்குடியில் குடியிருக்கிறேன். அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எனக்கு இரண்டு மகன்கள். சென்ற கோடையில் பெரியவன் ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். சின்னவன் மூன்றாம் வகுப்பு. விடுமுறை முழுவதும் வாரம் ஒருநாள் இருவரையும் அழைத்துக்கொண்டு வெளியே போவது என்று முடிவு செய்தேன். ஊட்டி, கொடைக்கானல் இல்லை. அரியக்குடியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான்.

மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறும் முன் வீடு திரும்ப வேண்டும். கத்திரி வெயிலில் பிள்ளைகளை அலைக்கழிப்பது உலா அல்ல, தண்டனை. ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். திரும்பி வரும் வழியில் ஆளுக்கு ஒரு கேள்வியும் ஒரு புதுச் சொல்லும் சொல்ல வேண்டும். எழுதச் சொல்லவில்லை, வாயால் சொன்னால் போதும்.

அரை டிக்கெட் இரண்டு

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். வெளியே அழைத்துப்போவது வசதி உள்ளவர்களுக்கான விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்; பெற்றோரும் நினைக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று அதற்குப் பெயர். பிள்ளைகளுக்கு 5 வயது வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் 12 வயது வரை அரை டிக்கெட். ஆக, ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நகரப் பேருந்தில் போய்வர ஆகும் செலவு, போக இரண்டு அரை டிக்கெட், வர இரண்டு அரை டிக்கெட். இந்தக் கணக்கை நம் பள்ளித் தாய்மார்களிடம் சொல்ல வேண்டும். வேலைக்கும் மருத்துவமனைக்கும் போக அந்தப் பேருந்தைப் பயன்படுத்துகிற அவர்களில் பலருக்கு, பிள்ளையோடு சும்மா ஓர் இடத்தைப் பார்த்துவரவும் அதே பேருந்தில் ஏறலாம் என்று தோன்றுவதில்லை.

முதல் இரண்டு வாரங்களுக்கு அந்தச் செலவும் இல்லை. நடந்தே போனோம்.

சொந்த ஊர்

அரியக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, தென் திருப்பதி என்று சொல்லப்படும் திருவேங்கடமுடையான் கோயில். இரண்டாவது, சங்கீத மேதை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். மூன்றாவது, பித்தளைக் குத்துவிளக்கு. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் தெரியுமா என்றால், கோயில் தெரியும். தேரும் திருவிழாவும் தெரியும். மற்ற இரண்டும் பெயரளவில்தான்.

கோயிலுக்குப் போகும் வழியில் தல வரலாற்றைச் சொன்னேன். திருப்பதிக்கு ஆண்டுதோறும் நடந்தே போய்வந்த ஒரு பக்தர், முதுமையில் நடக்க முடியாமல் போனபோது, பெருமாள் இந்த ஊருக்கே வந்தார் என்பது கதை. கேட்டுவிட்டுப் பெரியவன், “நடந்து போனா திருப்பதிக்கு எத்தனை நாள் ஆகும்மா?” என்றான். வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்துத் தூரத்தைப் பார்த்தோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம், இரவு எங்கே தங்கியிருப்பார்கள், சோற்றுக்கு என்ன செய்திருப்பார்கள் என்று அன்று முழுவதும் அதே பேச்சு. வகுத்தல் கணக்கு, வரைபட அளவுகோல், சத்திரம் என்ற சொல், மூன்றும் ஒரே கேள்வியில் வந்து சேர்ந்தன.

ராமானுஜ ஐயங்கார் 1890இல் பிறந்தவர். 1967இல் மறைந்தார். இன்று நாம் கேட்கும் கர்நாடக இசைக் கச்சேரியின் வரிசைமுறையை அமைத்தவர் என்று இசை உலகம் அவரைக் கொண்டாடுகிறது. 1938இல் சங்கீத கலாநிதி, 1958இல் பத்ம பூஷண். அவர் பாடிய பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கைப்பேசியில் போட்டேன். சின்னவனுக்குப் பாட்டு பிடிபடவில்லை. ஆனால், “நம்ம ஊரு பேரையே அவரு பேராச் சொல்றாங்களா?” என்று கேட்டான். ஆமாம், உலகம் முழுக்க இசை தெரிந்தவர்கள் ‘அரியக்குடி’ என்று சொன்னாலே அவரைத்தான் சொல்கிறார்கள் என்றேன். அவனுடைய நிமிர்ந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் ஊரின் பெயரை ஒரு பிள்ளை பெருமையோடு சொல்லத் தொடங்குவது சிறிய விஷயம் இல்லை.

விளக்குப் பட்டறைக்கு அடுத்த வாரம் போனோம். வீட்டில் தினமும் ஏற்றும் குத்துவிளக்கு ஒரே பொருள் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். பட்டறையில் அது துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. அடிப்பாகம் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம், எண்ணெய் விடும் தட்டு ஒரு பக்கம், உச்சியில் வைக்கும் அன்னம் ஒரு பக்கம். ஒன்றோடொன்று திருகிப் பொருத்தினால்தான் விளக்கு. கடைசலில் பித்தளை சுற்றும்போது சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. சின்னவன் அதை அள்ளப்போனான். “தொடாத தம்பி, சுடும்” என்றார் அங்கே வேலை பார்த்த அண்ணன். “தீயே இல்லையே, எப்படிச் சுடும்?” என்று அவன் கேட்டான். உராய்வு என்ற பாடத்தை வகுப்பில் உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொல்லித் தொடங்குவோம். அவன் அதைப் பட்டறையில் தொடங்கிவிட்டான். விழுந்த சீவலை வீணாக்குவதில்லை, மறுபடி உருக்கிவிடுவோம் என்றும் அந்த அண்ணன் சொன்னார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பட்டறையில் நான் ஆசிரியர் இல்லை. எனக்குக் கடைசல் வேலை தெரியாது. பிள்ளைகள் கேட்டதில் பாதிக்கு மேல் அந்த அண்ணன்தான் பதில் சொன்னார். அம்மாவுக்கும் தெரியாதது உண்டு, தெரியாததைத் தெரிந்தவரிடம் மரியாதையோடு கேட்கலாம், கையால் வேலை செய்பவர் அறிவாளியாக இருப்பார். இவற்றைப் பிள்ளைகள் அன்று கண்ணால் பார்த்தார்கள்.

ஆத்தங்குடியில் கண்ணாடி

மூன்றாவது வாரம் ஆத்தங்குடி. அங்கே தயாராகும் பூக்கல் நம் செட்டிநாட்டு வீடுகளின் தரையில் எல்லாம் இருக்கிறது. வண்ணமும் பளபளப்பும் உள்ள கல் என்பதால் அது சூளையில் சுட்டது என்று பலரும் நினைப்பார்கள். சுடுவதே இல்லை. தட்டையான கண்ணாடி ஒன்றை வைத்து, அதன்மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிடுகிறார்கள். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவையைப் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். இறுகியதும் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு வெயிலில் உலர்த்துகிறார்கள். கண்ணாடியிலிருந்து கல் பிரியும்போது முகம் பளபளவென்று வருகிறது.

“எதுக்குக் கண்ணாடி?” என்று பெரியவன் கேட்டான். அங்கே வேலை செய்த அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக் கண்ணாடியின்மேல் தடவவைத்தார். பிறகு பக்கத்தில் கிடந்த பலகையைத் தடவச் சொன்னார். “இப்ப நீயே சொல்லு தம்பி” என்றார். எந்த முகத்தின்மேல் ஊற்றுகிறோமோ அந்த முகம் கல்லுக்கு வந்துவிடும் என்று அவனாகவே சொன்னான். நான் பி.எட். படித்தபோது கண்டறி முறை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த அக்கா அதை அரை நிமிடத்தில் செய்துகாட்டினார்.

சின்னவனின் கேள்வி வேறு மாதிரி. “ஈரமா இருக்கிறதக் காய வைக்கத்தானே செய்வாங்க? இவங்க எதுக்குத் தண்ணில போடுறாங்க?” சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு அது வினைபுரிவதால் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். புதுச் சுவருக்குத் தினமும் தண்ணீர் அடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். இரண்டையும் சேர்த்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஒரு பழைய வீட்டைப் பார்க்க அனுமதித்தார்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொல். நடுவில் வானம் தெரியும் முற்றம். நாலு பக்கக் கூரையிலிருந்தும் மழைநீர் அங்கேதான் விழும். பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார்கள், கை எட்டவில்லை. மரம் எப்படி அவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, இங்கிருந்தவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று பேச்சு நீண்டது. அன்றைக்குப் புதுச் சொல் ஒன்றுதான் விதி. பெரியவன் நாலு சொல் சொன்னான்.

கீழடியில் ஒரு சில்லு

இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பத்து மணி விதியைத் தளர்த்தினோம். செலவும் இதற்குத்தான் ஆயிற்று. நம் மாவட்டத்திலேயே, திருப்புவனம் வட்டத்தில் இருக்கிறது கீழடி. 2023 மார்ச் 5இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டடமே செட்டிநாட்டுப் பாணியில் இருப்பதால், “இது நம்ம பக்கத்து வீடு மாதிரியில்ல இருக்கு!” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகள், சங்கு வளையல், மணிகள், தந்தச் சீப்பு எல்லாம் பார்த்தோம். பெரியவன் எழுத்துகளிடம் நின்றான். ‘ஆதன்’ என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார் என்றேன். “நாங்க டிபன் பாக்ஸ்ல பேரு எழுதற மாதிரியா?” என்றான். அதுவரை எந்தப் பாடநூலும் அவனுக்கு அதை அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்ததில்லை.

சின்னவனை எழுத்து இழுக்கவில்லை. விளையாட்டுப் பொருள்கள் வைத்த இடத்தில் நின்றுவிட்டான். தாயக்கட்டை, ஆட்டக்காய், உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லு. அந்தச் சில்லுகள் கீழடி அகழாய்வில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பள்ளி மைதானத்தில் நம் பிள்ளைகள் கட்டம் கிழித்து நொண்டி அடிக்கும்போது கையில் வைத்திருப்பதும் அதேதான். “இத மண்ணுல தொலைச்ச பையன் தேடியிருப்பான்லம்மா?” என்றான். வரலாற்றை இதைவிட நன்றாக நான் யாருக்கும் சொல்லித்தர முடியாது.

அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகிறவர்களுக்கு ஒரு சிறிய ஆலோசனை. எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். பிள்ளை எந்தப் பொருளிடம் தானாக நிற்கிறதோ அங்கே நாமும் நிற்க வேண்டும். ‘வா, வா, அடுத்ததைப் பார்’ என்று கையைப் பிடித்து இழுக்கும்போது அந்தப் பொருளும் போய்விடுகிறது, கேள்வியும் போய்விடுகிறது.

மூட்டத்துக்குப் போன அம்மா

இதுவரை சொன்னது என் பிள்ளைகளின் கதை. அவர்களுக்கு ஆசிரியராக ஓர் அம்மா இருக்கிறாள். விடுமுறையில் அவளுக்கும் விடுமுறை. நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று நான் புத்தகம் வழங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். “நீ எங்கடா போன?” “நாங்க கொடைக்கானல்.” “நாங்க மதுரைல எங்க அத்தை வீட்டுக்கு.” ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கேட்டபோது, “நான் எங்கயும் போகல” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனை அருகில் கூப்பிட்டு, “லீவுல யாரு கூடப்பா இருந்த?” என்று கேட்டேன். “எங்கம்மா கூட மூட்டத்துக்குப் போனேன் டீச்சர். தம்பியும் வந்தான்” என்றான்.

சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரியாக்கும் கரிமூட்டம் நம் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தாய் மூட்டம் போடும் இடத்தில் கூலி வேலை செய்கிறவர். சில வாரங்கள் கழித்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார். “வீட்ல விட்டுட்டுப் போனா ரெண்டும் கம்மாயில எறங்கிரும் டீச்சர். அதான் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு கூட்டிக்கிட்டுப் போனேன். வேலையெல்லாம் செய்யவிடல. புளியமரத்து நெழல்லதான் ஒக்காந்திருப்பாங்க.”

கோடையில் கண்மாயிலும் கிணற்றிலும் குளிக்கப்போய்ப் பிள்ளைகள் இறந்த செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். அந்த அம்மாவுக்கு விடுமுறை என்றால் முதலில் அந்தப் பயம்தான். புகையும் அனலும் உள்ள மூட்டம் பிள்ளைகள் இருக்க வேண்டிய இடம் இல்லை. அதை நான் அழகுபடுத்திச் சொல்லப்போவதில்லை. பாதுகாப்பான வேறோர் இடம் ஊரில் இருந்திருந்தால் அவரும் அங்கேதான் விட்டிருப்பார்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். எரிதலுக்குக் காற்று தேவை என்ற பாடத்துக்கு வந்தோம். எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடி, சுடர் அணைவதைக் காட்டினேன். அந்த மாணவன் எழுந்து, “டீச்சர், மூட்டமும் இப்படித்தான். ஆனா அது அணையாது, கரியாகும்” என்றான். பலகைக்கு வரச் சொன்னேன். வந்து வரைந்தான். விறகை எப்படி நெருக்கி அடுக்குவார்கள், மேலே செத்தை போட்டு ஈரமண் பூசி எப்படி மூடுவார்கள், புகை போக எங்கே ஓட்டை விடுவார்கள் என்று எல்லாம் சொன்னான். “மண்ணு வெடிச்சு ஓட்டை விழுந்தா உடனே அடைக்கணும். காத்து உள்ள போயிருச்சுன்னா கரி பூராம் சாம்பலாப் போயிரும்” என்றான். “மொதல்ல வெள்ளையாப் புகை வரும், அது விறகுல உள்ள ஈரம். அப்புறம் புகை கொறைஞ்சு நீலமா மாறும். அப்ப வெந்திருச்சுன்னு அர்த்தம். எங்கம்மா புகையப் பார்த்தே சொல்லிருவாங்க.”

குறைந்த காற்றில் மரத்தைச் சூடேற்றினால் நீரும் வாயுக்களும் வெளியேறிக் கார்பன் எஞ்சுகிறது; தாராளமாகக் காற்று கிடைத்தால் அந்தக் கார்பனும் எரிந்து சாம்பல் மிஞ்சுகிறது. நான் எழுதிப்போட வேண்டிய இரண்டு வாக்கியங்களையும் அவன் தன் சொற்களில் சொல்லி முடித்திருந்தான். வகுப்பே கை தட்டியது. பள்ளி திறந்த அன்று ‘எங்கயும் போகல’ என்று சொன்ன பிள்ளை இவன்தான்.

என் பிள்ளைகளுக்குப் பட்டறையில் கிடைத்ததும் இவனுக்கு மூட்டத்தில் கிடைத்ததும் அடிப்படையில் ஒன்றே. பக்கத்தில் அம்மா இருந்தாள். கண் முன்னால் ஒரு வேலை நடந்தது. ஏன் என்று கேட்க முடிந்தது. வேறுபாடு ஓர் இடத்தில்தான். என் பிள்ளைகளுக்குத் தாங்கள் பார்த்தது படிப்பு என்று தெரியும். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் அது தெரியவில்லை. யாராவது கேட்டால் மறைக்க வேண்டிய ஒன்று என்றே நினைத்திருந்தார்கள்.

கோடையில் விரியும் இடைவெளி

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 குழந்தைகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைக் குழந்தைகளும் வசதியான குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள். கோடையில்தான் வசதியானவர்கள் முன்னே போக, ஏழைக் குழந்தைகள் அங்கேயே நின்றார்கள் என்பது அவர்கள் கண்டது. பின்னாளில் அந்த அளவீடுகள் குறித்து மாற்றுக் கருத்துகளும் வந்தன. ஆனாலும் அந்த ஆய்வு ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தியையும் சொல்கிறது. பள்ளி நடக்கும்போது நாம் செய்யும் வேலை பலன் தருகிறது. நாம் இல்லாத மாதங்களில் பிள்ளைக்கு யார் துணை என்பதுதான் கேள்வி.

ரேச்சல் கார்சன் என்ற அறிவியல் எழுத்தாளரை நம்மில் பலர் அறிவோம். பூச்சிக்கொல்லிகளின் கேட்டை உலகுக்குச் சொன்னவர். தன் உறவுக் குழந்தையான ரோஜர் என்ற சிறுவனைக் கடற்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துப்போன நாட்களைப் பற்றி 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சிறுவன் தாயை இழந்தபோது அவனைத் தத்தெடுத்து வளர்த்தவரும் அவரே. குழந்தையோடு சேர்ந்து வியக்க ஒரு பெரியவர் இருந்தால் போதும், அவருக்குப் பறவைகளின் பெயரெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது அந்தக் கட்டுரையின் சாரம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடம் நாம் சொல்ல வேண்டிய செய்தியும் இதுவே.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். அவருடைய ‘பகல் கனவு’ நூலைத் தமிழில் படித்திருப்பீர்கள். குழந்தைகள் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தார்கள். அழைத்துப்போக ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்னவாக இருக்க முடியும் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

ஏப்ரலில் மூன்று

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். பள்ளி அடைக்கும் முன் பெற்றோரைச் சந்திக்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

ஒன்று, பாதுகாப்பு. எந்தக் கண்மாயில் எங்கே பள்ளம், எந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்று ஊர்ப் பெயர் சொல்லியே பேச வேண்டும். பகலில் பிள்ளைகள் இருக்க நிழலும் ஒரு பெரியவரும் உள்ள இடம் ஒன்றை ஊரிலேயே ஏற்பாடு செய்ய முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். நூலகம், சமுதாயக் கூடம், கோயில் மண்டபம் எதுவானாலும் சரி.

இரண்டு, ஒரு பயணம். நகரப் பேருந்தில் போய்வரக்கூடிய இடங்கள் மூன்று நான்கை அந்தந்த ஊருக்கு ஏற்றபடி பட்டியலிட்டுக் கொடுப்போம். கோயில், நூலகம், ரயில் நிலையம், பானை செய்யும் இடம், தறி, வாரச்சந்தை, எதுவும் ஆகும். விடுமுறையில் ஒரே ஒரு நாள் போனாலும் போதும்.

மூன்று, பேச்சு. அம்மா எந்த வேலை செய்கிறாரோ அதைப் பிள்ளையிடம் விளக்கிச் சொல்லச் சொல்வோம். நாற்று நடுவது, கரி அள்ளுவது, முறுக்குச் சுடுவது, தையல் என்று எதுவானாலும் அதில் காரணமும் கணக்கும் உண்டு. ‘நீங்கள் செய்வதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், ஜூனில் நாங்கள் அவனிடம் கேட்போம்’ என்று சொல்லிப்பாருங்கள். அந்த அம்மாவின் முகம் மாறும்.

ஜூனில் ஐந்து

பள்ளி திறந்ததும் நம் வகுப்புகளில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, ‘விடுமுறையில் எங்கே போனாய்?’ என்பது. தமிழ்ப் பாடத்தில் கட்டுரையாகவும் எழுதச் சொல்வோம். கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் உள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்று வகுப்பு முதல் நாளே இரண்டாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன்.

1. விடுமுறையில் யாரோடு அதிக நேரம் இருந்தாய்? அவர் உனக்குச் சொன்ன ஒன்றைச் சொல்.
2. யாராவது வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தாயா? அதைப் படிப்படியாகச் சொல் அல்லது வரைந்து காட்டு.
3. புதிதாகக் காதில் விழுந்த சொல் ஒன்று சொல். அதற்கு என்ன பொருள்?
4. நீ நடந்தோ வண்டியிலோ போன வழி ஒன்றை வரைபடமாகப் போடு.
5. யாரிடம் கேட்டும் பதில் கிடைக்காத கேள்வி ஏதாவது இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் கொடைக்கானல் போன பிள்ளையும் பதில் சொல்லலாம், வேப்பமுத்துப் பொறுக்கிய பிள்ளையும் சொல்லலாம். மூன்றாம் கேள்விக்கு வரும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மடை, கலிங்கு, வளவு, செத்தை, கடைசல் என்று உங்கள் ஊரின் அகராதி ஒன்று வகுப்பறையிலேயே உருவாகும். இரண்டாம் கேள்விக்கு வரும் பதில்களை எந்தெந்தப் பாடத்தில் பயன்படுத்தலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடம் வரும் நாளில் அந்தப் பிள்ளையைப் பலகைக்கு அழையுங்கள். ஐந்தாம் கேள்விக்கு வருபவை ஆண்டு முழுவதும் நமக்குத் தீனி.

இந்தக் கேள்விகளை நம் பள்ளியில் தொடர்ந்து கேட்டுவருகிறோம். பிள்ளைகள் வீட்டில் போய் அம்மாவிடம் கேட்கிறார்கள். மூட்டத்தில் வேலை செய்யும் அந்தத் தாயை வகுப்புக்கே அழைத்து, கரி எப்படி உண்டாகிறது என்று பேச வைக்கலாமே என்று மாணவர்களே கேட்டார்கள். அவர் வந்தார். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். அவருடைய இரண்டு மகன்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வருகிற ஜூனில் உங்கள் பள்ளியிலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கும் பதில்களை அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்வோம்.